இலையுதிர்காலத்தின் சிவப்பு எத்தனை நாள் நிற்கும்?

பொள்ளாச்சியில் என்னிடம் நீர்வண்ணம் கற்க வருகிறவர்களில் பலர், கைப்பேசியில் கனடாவின் மேப்பிள் காட்டைப் பார்த்துக்கொண்டே, தாள் முழுவதும் சிவப்பையும் ஆரஞ்சையும் நிரப்பிவிடுகிறார்கள். படம் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் ஒரு பருவம் விடைபெறும் ஏக்கம் அதில் இல்லை. ரஷ்ய ஓவியர் ஐசக் லெவிதான் 1895-இல் தீட்டிய 'பொன் இலையுதிர்காலம்' ஓவியத்தில் பிர்ச் மரங்களின் மஞ்சள் அப்படி ஒளிர்வதற்குக் காரணம், அருகே ஓடும் ஆற்றின் அடர்ந்த நீலம்.

நம் பக்கத்தில் இலை உதிர்வது பின்பனியில். மாசியில் ஆனைமலைக் காட்டிலுள்ள டாப்சிலிப் போனால் தேக்கு மரங்கள் வெறும் கிளைகளாக நிற்கும். கீழே கிடக்கும் ஓர் இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: ஓரம் கருகிய பழுப்பு, நரம்பை ஒட்டி இன்னும் கொஞ்சம் பச்சை, அடிப்புறம் சாம்பல். இதற்கு யெல்லோ ஆக்கர் என்ற மண் மஞ்சள், பர்ன்ட் சியென்னா என்ற செம்பழுப்பு, அல்ட்ராமரைன் நீலம் ஆகிய மூன்றே போதும். பின்னிரண்டும் கலந்தால் அருமையான சாம்பல் நிறம் பிறக்கும். அதில் நீலத்தையும் நீரையும் கூட்டினால் தொலைவில் ஆனைமலை, பழுப்பைக் கூட்டினால் அருகில் அடிமரம். மலையைத் தாளின் ஈரப் பளபளப்பு அடங்கும் தறுவாயில் இட வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் நாளில் தாள் சட்டெனக் காய்ந்துவிடும் என்பதால் அதன் இரு பக்கங்களையும் நனைத்துக்கொள்வது என் வழக்கம்.

சிவப்பைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. உறவினர் வீட்டுக்கு நான் வரைந்து கொடுத்த படம் ஒன்று, மேற்கு வெயில் விழும் சுவரில் நான்கே ஆண்டுகள் தொங்கியது. அலிசரின் கிரிம்சன் என்ற அடர்சிவப்பால் தீட்டிய இலைகள் வெளிறிய ரோஜா நிறமாகிவிட்டன, பர்ன்ட் சியென்னா இட்ட இடங்களோ அப்படியே இருந்தன. வண்ணக் குழாயில் பெயருக்கு அருகே நிறமிக் குறியீடு அச்சாகியிருக்கும். பி.ஆர். 83 (PR 83) என்றிருந்தால் அது வெயிலுக்கு நிற்காத பழைய அலிசரின்; விற்பனைக்கான படத்தில் அதைத் தொடாதீர்கள். அதற்குப் பதிலாக, பி.வி. 19 (PV 19) எனக் குறித்த குவினாக்ரிடோன் ரோஸ் என்ற ரோஜாச் சிவப்பு பெரும்பாலும் நன்றாக நிற்கிறது.

குறியீடே இல்லாத மலிவு வண்ணமானால், ஒரு தாள் துண்டில் பட்டையாகத் தீட்டி, பாதியைக் கெட்டி அட்டையால் மூடி, சித்திரை வெயில் படும் சன்னலில் ஒட்டிவையுங்கள். ஆடி பிறந்ததும் அட்டையை எடுத்து இரு பாதிகளையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அந்தச் சிவப்பைப் படத்தில் பயன்படுத்துவதா என்று முடிவு செய்யுங்கள்.