புண் ஆறும்வரை ஆண்களும் நைட்டி அணியலாம்

யானைக்கால் நோய் என்றாலே கும்பகோணத்தை நினைத்த காலம் ஒன்று இருந்தது. க்யூலெக்ஸ் கொசு பரப்பும், அந்நோயை உண்டாக்கும் புழு கால்களோடு நிற்பதில்லை. உலகில் ஏறத்தாழ 2.5 கோடி ஆண்களுக்கு அது விரைவீக்கத்தைத் தந்திருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் மக்கள் ஓதம் என்று சொல்லும் அந்த வீக்கத்துக்கோ குடலிறக்கத்துக்கோ அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் ஆண்களிடம், அறுவை மருத்துவர் என்ற முறையில் நான் தவறாமல் சொல்வது ஒன்றுண்டு: புண் ஆறும்வரை கைலியை எடுத்து வைத்துவிட்டுப் பருத்தி நைட்டி அணியுங்கள்.

கைலி காற்றோட்டமான நல்ல உடைதான். ஆனால் அது நிற்க வேண்டுமானால் இடுப்பில் இறுக்கிச் செருக வேண்டும். குடலிறக்கத் தையலோ அதற்குச் சற்றுக் கீழே அடிவயிற்றில் இருக்கிறது. நைட்டி தோளிலிருந்து தொங்குவதால் வயிற்றை எதுவும் அழுத்துவதில்லை.

இதைவிட முக்கியமானது சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டவர்களின் நிலை. குழாயோடு இணைந்த பை எப்போதும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே தூக்கினால் சிறுநீர் திரும்பிச் சென்று கிருமித்தொற்று உண்டாகலாம். கைலி கட்டியிருப்பவர், வாசலில் யாராவது வந்துவிட்டால், பையை எடுத்து மடியில் மறைத்துக்கொள்கிறார். மடிப்பில் குழாய் நசுங்கிச் சிறுநீர் அடைபடுகிறது. நைட்டி அணிந்தால் குழாய் தொடையோடு இறங்கி, கீழ் விளிம்பு வழியாகத் தடையின்றி வெளிவரும். பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்தவருக்கும் முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி எளிது. செயலிழந்த கையை முதலில் நுழைத்து, கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்க வேண்டும்.

மனைவியின் நைட்டியை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பெரியவர்கள் உண்டு. காலமெல்லாம் வயலில் நின்று உழைத்தவருக்கு, பிறர் கையை எதிர்பார்த்துப் படுத்திருக்கும் நாட்களில் வரும் அந்தக் கூச்சத்தை வீட்டார் கேலி செய்யவே கூடாது. பூப்போட்ட துணிதான் வேண்டும் என்பதில்லை. பழைய எட்டு முழ வேட்டியைத் தையல்காரரிடம் கொடுத்து, தோளை அவருடைய சட்டை அளவுக்கும் நீளத்தைக் கணுக்காலுக்கு மேலேயும் வைத்துத் தைத்து வாங்குங்கள். நீளம் அதிகமானால் கழிவறைப் படியில் கால் தடுக்கும். நைலான், பாலியெஸ்டர் துணிகள் நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஆகா. விரைவீக்க அறுவை செய்துகொண்டவர்கள், மருத்துவர் சொன்ன நாள்வரை விரையைத் தாங்கும் இறுக்கமான உள்ளாடையை நைட்டிக்குள் கட்டாயம் அணிந்திருக்க வேண்டும்.