தகைவு: பயிர் படும் பாட்டுக்கு ஒரு சொல்

உச்சிவெயில் நேரத்தில் மக்காச்சோள வயலுக்குள் நின்று பாருங்கள். காலையில் பட்டையாக விரிந்து கிடந்த இலைகள் நீளவாக்கில் சுருண்டு குழல் போல நிற்கும். ஒன்றை விரலால் விரித்துவிட்டுக் கையை எடுத்தால் மறுபடி சுருண்டுகொள்ளும். இலையின் மேற்பக்கத்தில் வரிசையாக இருக்கும் பெரிய செல்கள் தண்ணீரை இழந்து சப்பிப்போனதால் வந்த சுருட்டல் அது. இலை சுருண்டால் வெயில் படும் பரப்பு குறையும், நீர் ஆவியாவதும் குறையும். வெயில் தாழ்ந்ததும் இலை தானாக விரிந்துவிடும்.

வயலில் இதை ‘பயிர் வாடுது’ என்பார்கள். வேளாண் அறிவியலில் ‘ஸ்ட்ரெஸ்’. அதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால்தான் சிக்கல். ஒருவர் வறட்சி அழுத்தம் என்கிறார், இன்னொருவர் இறுக்கம், மற்றொருவர் அயர்ச்சி. ஒரே கட்டுரைக்குள் மூன்றும் வருவதைக்கூடப் பார்த்திருக்கிறேன். படிப்பவர் மூன்றும் வெவ்வேறு நோய் என்று நினைத்தால் அவர்மேல் என்ன தப்பு?

ஸ்ட்ரெஸ் என்ற சொல்லின் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. ‘ஸ்ட்ரிங்கெரே’ என்றால் இறுக்கிக் கட்டுவது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது நெருக்கடி, துன்பம் என்ற பொருளோடு வந்தது. 19ஆம் நூற்றாண்டில் இயற்பியலும் பொறியியலும் அதை எடுத்துக்கொண்டன. ஒரு பொருளின் பரப்பில் ஒவ்வோர் அலகுக்கும் எவ்வளவு விசை தாக்குகிறது என்ற கணக்குக்கு அதுவே பெயரானது. அந்த விசையால் பொருளில் ஏற்படும் உருமாற்றத்துக்கு ‘ஸ்ட்ரெயின்’ என்று பெயர். 1930களில் தொடங்கிய, ஹான்ஸ் செல்யே என்ற மருத்துவ ஆய்வாளரின் ஆய்வுகளால் ஸ்ட்ரெஸ் மனித உடலைப் பற்றிய பேச்சிலும் நுழைந்தது. இன்று எல்லார் வாயிலும் புழங்குவது அந்தப் பொருள்தான்.

பயிர்களுக்கு அது வந்த வழி வேறு. ஜேக்கப் லெவிட் என்ற தாவர உடலியலாளர், தாவரங்கள் சூழலின் பாதிப்புகளுக்கு எப்படி ஈடுகொடுக்கின்றன என்று 1972இல் எழுதிய நூலில் இயற்பியலின் இரண்டு சொற்களையும் சேர்த்தே கொண்டுவந்தார். வெளியே இருந்து வரும் தாக்கம் ஸ்ட்ரெஸ்: வறட்சி, உப்பு, வெப்பம், குளிர், வெள்ளம். அதனால் செடிக்குள் நேரும் மாற்றம் ஸ்ட்ரெயின். சுருண்ட இலை மாலையில் விரிந்தால் அது மீளும் மாற்றம். கம்பி வளைந்து பழையபடி நிமிர்வது மாதிரி. ஓர் எல்லையைத் தாண்டினால் மீளாது. இந்த இணையை மனதில் வைத்துக்கொண்டுதான் தமிழ்ச் சொல்லைத் தேட வேண்டும் என்பது என் எண்ணம்.

அழுத்தம் ஏன் பொருந்தாது? செடியின் செல்லுக்குள் தண்ணீர் நிறைந்திருக்கும்போது அது செல்சுவரை உள்ளிருந்து வெளியே தள்ளும். அதுதான் விறைப்பு அழுத்தம். பல நேரங்களில் கார் டயருக்குள் இருக்கும் அழுத்தத்தைவிட அதிகம். இலை நிமிர்ந்து நிற்பது அதனால்தான். வறட்சி வந்தால் இந்த அழுத்தம் குறைகிறது, செடி தொங்குகிறது. அழுத்தம் குறைந்து வாடும் செடியைப் பார்த்து ‘அழுத்தத்தில் இருக்கிறது’ என்று எழுதினால், நடப்பதற்கு நேர்மாறாகச் சொன்னதாகிவிடும்.

இறுக்கம் லத்தீன் வேரோடு அச்சாகப் பொருந்துகிறது, எனக்கும் அதன்மேல் ஆசை உண்டு. ஆனால் மண் இறுகிப்போவதற்கும் நாம் இறுக்கம் என்றே சொல்கிறோம். இறுகிய மண்ணும் வேரை ஓடவிடாமல் செடியைப் படுத்தும். அப்போது ‘மண் இறுக்கத்தால் வரும் இறுக்கம்’ என்று எழுத வேண்டியிருக்கும். அயர்ச்சியோ விளைவை மட்டும் சொல்கிறது. உப்பு நிலத்தில் சமாளித்து நிற்கும் நெல்லுக்குத் தாக்கம் உண்டு, அது அயர்ந்துவிடவில்லை.

தகைவுக்கு வருவோம். தகைத்தல் என்றால் தடுத்தல், மேலே போகவிடாமல் நிறுத்துதல். தகைவு என்றால் தடை. இளைப்பு, களைப்பு என்றும் அதற்குப் பொருள் உண்டு. ஓயாமல் பறந்துகொண்டே இருக்கும் தகைவிலான் குருவியின் பெயரை நினைத்துப் பாருங்கள்: தகைவு இல்லாதது, களைக்காதது. செடியின் வளர்ச்சியைத் தடுப்பது, தடுத்துக் களைக்க வைப்பது, இரண்டும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. அதோடு, நம் இயற்பியல் பாடநூல்களில் ஸ்ட்ரெஸ் ஏற்கெனவே தகைவு, ஸ்ட்ரெயின் திரிபு. லெவிட் அங்கே செய்ததை நாம் இங்கே அப்படியே செய்யலாம். வறட்சித் தகைவு, உவர்த் தகைவு, வெப்பத் தகைவு, குளிர்த் தகைவு, வெள்ளத் தகைவு. வாட்டம் என்ற அருமையான சொல்லைத் திரிபின் பக்கம் வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியும் அறிகுறி.

இப்படிப் பிரித்தால் பல விஷயங்கள் தெளிவாகும். உவர் நிலத்தில் தண்ணீர் நின்றாலும் செடி வாடுவது ஏன்? உப்புக் கரைசலிலிருந்து வேரால் நீரை எளிதில் இழுக்க முடியாது. தகைவு வேறு, வாட்டம் ஒன்றே. நெல் பூக்கும் நேரத்தில் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மகரந்தம் பழுதாகிப் பதர் கூடும். அங்கே வாட்டமே தெரியாது, தகைவு மட்டும் வேலை செய்திருக்கும். இது எனக்கு ரொம்பக் கவலை தரும் விஷயம். பச்சைப்பசேலென்று நிற்கும் பயிரைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடுவோம், சேதி அறுவடையில்தான் தெரியும்.

மீளும் திரிபுக்குத் தமிழில் ஒரு பழகிய சொற்றொடரே இருக்கிறது: காய்ச்சலும் பாய்ச்சலும். நெல் வயலைக் காயவிட்டு, அப்புறம் நீர் பாய்ச்சுவது. நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே சுமார் 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை பொறுக்கலாம் என்பது இன்று ஆய்வாளர்கள் சொல்லும் அளவு. பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடக் கூடாது. தகைவு இலேசாக, மீளும் எல்லைக்குள் இருந்தால் விளைச்சல் குறையாது, தண்ணீரும் மிச்சமாகும்.

தகைவைப் பயிர் சமாளிக்கும் விதத்துக்கும் தனித்தனிச் சொற்கள் வேண்டும். தப்புதல், தவிர்த்தல், தாங்குதல் என்று மூன்றாகப் பிரிக்கலாம். மண்ணில் ஈரம் தீருமுன் பூத்துக் காய்த்து முடித்துவிடும் குறுகிய காலப் பயறு தப்புகிறது. வேரை ஆழமாக விட்டு, இலையைச் சுருட்டி, மெழுகைப் பூசிக்கொள்ளும் சோளம் தவிர்க்கிறது, அதாவது மண் காய்ந்தாலும் தன் உடம்பைக் காயவிடுவதில்லை. இலைத்துளைகளை மூடுவதும் இந்த வகைதான். மண் காயும்போது அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் செடிக்குள் கூடும், அதன் சேதி கிடைத்ததும் துளையின் இரு பக்கத்துக் காப்புச் செல்களும் தளர்ந்து துளை அடைபடும். நீர் நிற்கும், ஆனால் கார்பன் டை ஆக்சைடும் உள்ளே வராது. செடி தாகத்துக்குப் பசியை விலையாகக் கொடுக்கிறது. தாங்குதல் இன்னொரு வகை. உடம்பு காய்ந்த பிறகும் செல்கள் சாகாமல் இருப்பது. புரோலின் போன்ற பொருள்களைச் செல்லுக்குள் சேர்த்து, இருக்கும் கொஞ்ச நீரைப் பிடித்துவைப்பது.

வெள்ளத்திலும் இதே பிரிவு உண்டு. ஆழ்நீர் நெல் தண்டை மளமளவென்று நீட்டித் தலையை நீருக்கு மேலே கொண்டுவந்துவிடும். 2006இல் அடையாளம் காணப்பட்ட சப்1ஏ மரபணு உள்ள நெல் அதற்கு நேரெதிர். முழுதாக மூழ்கினால் வளர்ச்சியை நிறுத்திச் சர்க்கரையைச் சேமித்துக்கொண்டு, இரண்டு வாரம் வரை காத்திருக்கும்.

இதனால்தான் ‘வறட்சி எதிர்ப்பு ரகம்’ என்று ஒரே போடாகப் போடுவதை நான் தவிர்க்கிறேன். எதிர்ப்பு என்பது பூச்சிக்கும் நோய்க்கும் பழகிப்போன சொல். வறட்சிக்கு அதைப் போட்டால் மேலே சொன்ன மூன்றில் எது என்று புரியாது. மழை முன்கூட்டியே நின்றுபோகும் நிலத்துக்குத் தப்பும் ரகம் வேண்டும். நடுவில் பத்து நாள் காய்ந்து, பின்னால் மழை பெய்யும் நிலத்தில் அதே ரகம் சரியாகப் பூக்கும் வேளையில் மாட்டிக்கொள்ளும். அங்கே தேவை தவிர்க்கும் ரகமோ தாங்கும் ரகமோ. விதைப் பையில் அச்சடிக்கும் ஒரு சொல்லைப் பார்த்தே விதைப்பவர் இதைத் தீர்மானிக்க முடியவேண்டும்.