மருந்தடிக்கும் ஹெலிகாப்டரில் என்ஜின் நின்றால்

பயிருக்கு மேலே மூன்று மீட்டர் உயரத்தில், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு ஹெலிகாப்டர் மருந்தடித்துக்கொண்டு போகிறது. பார்க்கிறவருக்கு அந்தத் தாழ்வான ஓட்டம்தான் ஆபத்து என்று தோன்றும். மின்கம்பிகளை நினைத்தால் அது சரிதான். ஆனால் என்ஜின் நிற்பதாக இருந்தால், அதைவிட மோசமான இடம் வயல் முடிந்து மேலே ஏறித் திரும்பும் இடம்.

என்ஜின் நின்றதும் ஹெலிகாப்டர் அப்படியே விழுந்துவிடாது. பெடலை நிறுத்திய பிறகும் ஓடும் சைக்கிள் சக்கரம் போல, மேலே இறக்கைகளோடு சுழலும் ரோட்டர் தொடர்ந்து சுற்றும். நின்ற என்ஜினிலிருந்து ரோட்டரை விடுவிக்க அதற்கென்றே ஒருவழிக் கிளட்ச் இருக்கிறது. விமானி உடனே இடக்கைப் பக்கமுள்ள கலெக்டிவ் நெம்புகோலை இறக்க வேண்டும். இறக்கைகளின் சாய்கோணம் குறைந்து ஹெலிகாப்டர் கீழிறங்கும். அப்போது கீழிருந்து மேலே பாயும் காற்றே ரோட்டரைச் சுழற்றும். இதுதான் ஆட்டோரொட்டேஷன். தரை நெருங்கியதும் மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைத்து, கடைசியில் கலெக்டிவை இழுத்தால், சுழற்சியில் மிச்சமுள்ள ஆற்றல் ஒரே ஒருமுறை தாங்கிப்பிடிக்கும்.

கலெக்டிவை இறக்கத் தாமதித்தால்? சுழற்சியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் 80 சதவீதமாகக் குறையும்போது ஆற்றல் 64 சதவீதமாகிவிடும். டேங்க் நிறைய மருந்து இருந்தால் இறக்கைகள் கூடுதல் கோணத்தில் காற்றை வெட்டிக்கொண்டிருக்கும். சுழற்சி இன்னும் சீக்கிரம் தளரும். எடை குறைந்த ரோட்டர் கொண்ட சிறிய ஹெலிகாப்டர்களில் விமானிக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு நொடி.

இப்போது அந்தத் திருப்பத்துக்கு வருவோம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் உள்ள இயக்க ஆற்றல், காற்றுத்தடையை விட்டுவிட்டால், 39 மீட்டர் உயரத்துக்குச் சமம். நேர் ஓட்டத்தில் உயரம் இல்லையே தவிர, கையில் வேகம் இருக்கிறது. (மிகத் தாழ்வாக மிக வேகமாகப் பறந்தால் சுதாரிக்கவே நேரமிருக்காது, அது வேறு கதை.) திருப்பத்தில் மூக்கைத் தூக்கி 25 மீட்டர் ஏறி, வேகம் 35 கிலோமீட்டராகத் தேய்ந்திருக்கும்போது, அந்த வேகத்தின் மதிப்பு வெறும் ஐந்து மீட்டர். வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் உயரத்தைச் செலவழிக்க வேண்டும்; அதற்கு 25 மீட்டர் போதாது. தடையில்லாமல் விழும் பொருள் அந்த உயரத்திலிருந்து இரண்டேகால் நொடியில் தரையைத் தொடும். ரோட்டர் கொஞ்சம் தாங்கும் என்றாலும் கணக்கு பெரிதாக மாறாது. ஹெலிகாப்டர் கையேட்டிலுள்ள உயரம்-வேக வரைபடத்தில் ‘இங்கே இருக்காதே’ என்று நிழலிட்டுக் காட்டும் பகுதி இதுதான். மருந்தடிப்பவர் ஒரு நாளில் எத்தனையோ முறை அதற்குள் போய்வர நேர்கிறது.

என்ஜின் ஏன் சக்தி இழக்கிறது? உள்ளே ஏதோ உடைந்திருக்கும் என்றுதான் முதலில் நினைப்போம். பல சமயம் காரணம் மிகச் சாதாரணமானது: எரிபொருள் வந்து சேரவில்லை. மருந்தைக் கூடுதலாக ஏற்றுவதற்காக எரிபொருளைக் குறைவாக நிரப்புவார்கள். அடிமட்டத்தில் கிடக்கும் எரிபொருள் கூர்மையான திருப்பத்தில் ஒரு பக்கம் ஒதுங்கினால், குழாய்க்குள் காற்று புகும்.

இன்னொன்று, பிஸ்டன் என்ஜின்களில் எரிபொருளையும் காற்றையும் கலக்கும் பாகமான கார்புரேட்டரில் படியும் பனி. எரிபொருள் ஆவியாவதாலும் காற்றழுத்தம் குறைவதாலும் கார்புரேட்டருக்குள் வெப்பநிலை 20 டிகிரிக்கு மேல்கூட இறங்கும். வெளியே இதமான வெயில் அடித்தாலும், காற்றில் ஈரம் இருந்தால் உள்ளே பனி படியும். சுழற்சி குறையாமல் பார்த்துக்கொள்ளும் கவர்னர் என்ற தானியங்கிக் கருவி, பனி அடைக்க அடைக்க, என்ஜினுக்குள் போகும் கலவையின் அளவைக் கட்டுப்படுத்தும் திராட்டிலைத் தானே திறந்து ஈடுகட்டிவிடுவதால், விமானிக்கு எதுவும் தெரிவதில்லை. திறக்க இனி இடமில்லை என்ற நிலையில்தான் விஷயம் வெளிப்படும். விசாரணைக்கு ஆள் வருவதற்குள் பனியும் உருகிப்போயிருக்கும்.

இரட்டை என்ஜின் வைத்தால் தீராதா என்றால், எடையும் செலவும் ஏறி மருந்துச் சுமை குறையும். அதனால் அனுபவப்பட்டவர்கள் திருப்பத்தையே மாற்றுகிறார்கள்: செங்குத்தாக இழுக்காமல், வேகத்தை விடாமல், காற்றை எதிர்த்து, இறங்குவதற்குக் காலியிடம் உள்ள பக்கமாக அகலமாகத் திரும்புகிறார்கள். அவசரத்தில் மருந்தை மொத்தமாகக் கொட்டும் பொத்தானும் கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கும்.