யானைக்கால் மாத்திரை: யாருக்கு, எத்தனை, ஏன் கண்முன்னே விழுங்கணும்?

மியன்மாவில் யானைக்கால் நோயை ஒழிக்க ஊர் முழுக்க மாத்திரை கொடுக்கும் திட்டம் 2001-ல் தொடங்கியது. யாங்கோன், பகோ, மோல்மேன் என்று எந்தப் பக்கம் இருந்தாலும், உங்கள் மாவட்டம் பட்டியலில் இருந்தால் வருடம் ஒருமுறை சயாமாவோ (சுகாதார நர்ஸம்மா) தொண்டரோ வீடு தேடி வருவார். காசு கிடையாது.

"எனக்குக் கால் வீங்கலையே, எதுக்கு மாத்திரை?" இந்தக் கேள்வியால்தான் திட்டம் பாதியில் நொண்டுகிறது. வீக்கமே இல்லாதவர் ரத்தத்திலும் நுண்புழு, அதாவது யானைக்கால் புழுவின் கண்ணுக்குத் தெரியாத குஞ்சு, இருக்கலாம். சாக்கடைத் தண்ணீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு அதை உறிஞ்சி அடுத்தவருக்கு ஏற்றும். தாய்ப்புழு உடம்பில் பல வருடம் உயிரோடிருக்கும். மாத்திரை முக்கியமாகக் கொல்வது நுண்புழுவை. அதனால்தான் வருடத்துக்கு ஒன்றாகக் குறைந்தது 5 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் மொத்த ஜனத்தொகையில் 65 சதவீதமாவது விழுங்கியிருக்க வேண்டும். விழுங்கியிருக்க வேண்டும், வாங்கிக்கொண்டால் போதாது. அலமாரியில் கிடக்கும் மாத்திரையும் பதிவேட்டில் ஏறிவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும். சயாமா எதிரிலேயே விழுங்கச் சொல்வது இதற்குத்தான்.

அளவு: யானைக்கால் புழுவுக்கான டிஇசி மருந்து, உடல் எடையில் கிலோவுக்கு 6 மில்லிகிராம். 50 கிலோ ஆளுக்கு 300, அதாவது 100 மில்லிகிராம் மாத்திரை மூன்று. கூடவே அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை 400 மில்லிகிராம் ஒன்று. வீடு வீடாகத் தராசு தூக்க முடியாத இடங்களில் வயதைப் பார்த்து எண்ணிக் கொடுப்பார்கள். வெறும் வயிற்றில் வேண்டாம். சின்னப் பிள்ளைக்குப் பொடித்துக் கொடுங்கள். அழும்போது திணித்தால் புரையேறும்.

2 வயதுக்குட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, கடும் நோயில் கிடப்பவர் சாப்பிடக் கூடாது. சர்க்கரை, பிரஷர் இருக்கிறது என்பதற்காக மட்டும் யாரும் விலக வேண்டியதில்லை.

சிலருக்குக் காய்ச்சல், தலைவலி, தலைசுற்றல் வரும். பெரும்பாலும் நுண்புழு சாவதால் வருவது. ஓரிரு நாளில் அடங்கும். அடங்காவிட்டால் சுகாதார நிலையத்துக்குப் போங்கள். "மாத்திரை விஷம்" என்று தெருவில் பேச்சு கிளம்பினால் மறுவருடம் கதவே திறக்காது. ஆகவே இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது தொண்டர் வேலையில் பாதி.

அதிகாலையில் ஆலைக்கும் மார்க்கெட்டுக்கும் போகிறவர்கள்தான் அதிகம் விடுபடுவார்கள். வீடு பூட்டியிருக்கும் என்றால் தொண்டரை மாலையில் மறுபடி வரச் சொல்லிவையுங்கள்.

சுற்றுகள் முடிந்ததும் 6, 7 வயதுப் பிள்ளைகளின் விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அந்த வயதில் தொற்று இருந்தால் பரவல் இன்னும் நிற்கவில்லை என்று அர்த்தம்.

ஏற்கெனவே வீங்கிய கால் மாத்திரையால் வற்றிவிடாது. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடைத்து, உட்காரும்போது காலை உயர்த்தி வைக்க வேண்டும். இடுக்கில் புண் வந்தால் கிருமி நுழைந்து காய்ச்சலடிக்கும்; ஒவ்வொரு காய்ச்சலுக்கும் வீக்கம் கூடும். விரைவீக்கத்துக்கு ஆபரேஷன் உண்டு, வெட்கப்பட்டு மறைக்காமல் சயாமாவிடம் சொன்னால் எந்த ஆஸ்பத்திரி என்று எழுதிக் கொடுப்பார்.