அணுகுமுனை: ஆக்சஸ் பாயிண்டைத் தமிழில் எப்படிச் சொல்வது?

மொட்டை மாடியில் வைஃபை எடுக்கவில்லை. படிக்கட்டின் கடைசித் திருப்பம் வரை இரண்டு கோடு காட்டும். தகரக் கதவைத் திறந்து வெளியே கால் வைத்தால் அதுவும் போய்விடும். வைஃபை அலையை வீசும் பெட்டிக்கு ஆக்சஸ் பாயிண்ட் என்று பெயர். கடைக்குப் போய், "வெளியே மாட்டுற மாதிரி ஒரு ஆக்சஸ் பாயிண்ட் வேணும்" என்றேன். கைக்கு வந்தது சுவர் பிளக்கில் செருகும் ஒரு குட்டி வெள்ளைப் பெட்டி. அட்டையில் 'எக்ஸ்டெண்டர்' என்று போட்டிருந்தது. "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார் கடைக்காரர். ஒன்றில்லை என்று தெரிய ஒரு வாரம் ஆனது. மாடியில் கோடு நிறைய வந்தது, வேகம்தான் வரவில்லை.

அந்த ஒரு வாரத்தில்தான் இந்தச் சொல்லைக் குடைய ஆரம்பித்தேன்.

'ஆக்சஸ்' லத்தீன் மூலத்தில் நெருங்கிப் போவதைக் குறிக்கும். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்த புதிதில் அது நோயோடு ஒட்டிக்கொண்டிருந்தது: காய்ச்சல் வந்து ஏறுவதற்கு ஆக்சஸ் என்று பெயர். நுழையும் வழி, நுழையும் உரிமை என்ற இன்றைய பொருள்கள் பிறகு ஓங்கியவை.

'பாயிண்ட்' கதை இன்னும் சுவாரசியம். லத்தீனில் 'புங்கெரே' என்றால் குத்துதல். குத்தியதால் விழுந்த தடத்திலிருந்து பாயிண்ட் பிறந்தது. அதே வினைக்குப் பிறந்த இன்னொரு பிள்ளை நம் ஊர்ச் சாலையோரமெல்லாம் டயர் தொங்கவிட்டுக் கடை போட்டிருக்கும் 'பஞ்சர்'. பிரெஞ்சில் புள்ளிக்கு ஒரு சொல், கூர்நுனிக்கு ஒரு சொல் என்று இரண்டு உண்டு. ஆங்கிலம் இரண்டையும் ஒன்றாக்கி 'பாயிண்ட்' என்று வைத்துக்கொண்டது. அதனால் தமிழாக்குபவர் அந்த இரண்டில் எது என்று மறுபடி பிரித்தாக வேண்டும்.

இங்கேதான் நம்மவர்கள் பிரிந்து போகிறார்கள். முதல் பாதியில் சண்டையில்லை. அணுகு என்பது பழைய சொல். 'அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க' என்று 691ஆம் குறளிலேயே இருக்கிறது. அணுகல், அணுக்கம், அணுகு என்று எதைப் போட்டாலும் பொருள் கெடாது. இரண்டாம் பாதியில் 'அணுகல் புள்ளி' என்று எழுதுபவர்கள் ஒரு பக்கம், 'அணுகுமுனை' என்பவர்கள் ஒரு பக்கம்.

புள்ளி எனக்கு ஒட்டவில்லை. கோலத்துக்கு வைப்பது புள்ளி, மெய்யெழுத்தின் தலையில் இருப்பது புள்ளி, மானின் மேல் இருப்பதும் புள்ளி. ஊரில் பணமும் செல்வாக்கும் உள்ளவர் 'பெரிய புள்ளி'. எல்லாமே கண்ணால் பார்க்கும் ஓர் அடையாளம், அல்லது எண்ணிக்கையில் ஒன்று. 'அணுகல் புள்ளி' என்றதும் யாரோ ஒரு பெரிய மனிதரைப் போய்ப் பார்க்கச் சொல்வதுபோல்தான் எனக்குக் கேட்கிறது.

முனை வேறு. முனை என்றால் ஒன்று முடியும் இடம். குமரிமுனையில் நிலம் முடிகிறது, தெருமுனையில் தெரு முடிகிறது. ஆங்கிலத்திலும் கடற்கரைப் பெயர்களில் வரும் பாயிண்டுக்கு இதுதான் பொருள்: கோடியக்கரையை வெள்ளைக்காரர் பாயிண்ட் கலிமேர் என்றதும், பருத்தித்துறையைப் பாயிண்ட் பெட்ரோ என்றதும் நிலம் கடலுக்குள் நீட்டிய மூக்கைப் பார்த்துத்தான்.

ஆக்சஸ் பாயிண்டில் முடிவது கம்பி. 1997இல் வெளியான 802.11 என்ற வைஃபைத் தரநிலையில் இந்தக் கருவிக்கு உள்ள வேலை, காற்றில் பேசும் கருவிகளைப் பின்னால் இருக்கும் வலையமைப்போடு சேர்த்துவிடுவது. அந்தப் பின்பக்கம் வழக்கமாகக் கம்பிதான். ரவுட்டரிலிருந்து கிளம்பும் கேபிள் அந்தப் பெட்டியில் வந்து முடிய, அங்கிருந்து அலை தொடங்குகிறது. எக்ஸ்டெண்டருக்குக் கம்பி கிடையாது. ரவுட்டர் சொல்வதைக் காற்றில் கேட்டு, அதே காற்றில் திருப்பிச் சொல்கிறது. ஒரே அலைவரிசையில் கேட்பதும் சொல்வதும் நடந்தால் நேரம் இரட்டிப்பாகும், வேகம் ஏறக்குறையப் பாதியாகும். என் மாடியில் நடந்தது இதுதான். கடைக்காரரிடம் 'முனை' என்று ஒரு சொல் இருந்திருந்தால், "கம்பி இழுத்தாச்சா சார்?" என்று முதலில் கேட்டிருப்பார்.

கம்பி இழுக்க எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். வெளியில் வைக்கும் கருவிக்கு மின்சாரம் தனியாக வேண்டாம் என்றதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. டேட்டா போகும் அதே கேபிளில் மின்சாரமும் போகும். 2003இல் வந்த தரநிலைப்படி 15.4 வாட் வரை அனுப்பலாம், கேபிள் 100 மீட்டர் வரை போகலாம். மழையில் நனையும் மாடியில் பிளக் வைக்காமல் தப்பித்தோம். கேபிள் வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்டதாக இருக்க வேண்டும். வீட்டுக்குள் ஓடும் சாதாரணக் கேபிளை மொட்டை மாடியில் விட்டால் வெயிலில் உறை வெடித்துவிடும்.

அண்ணன் செய்த ஒரு வேலையை இன்னும் ரசிக்கிறேன். சுவரில் துளை போட்டவர், கேபிளை நேராக உள்ளே விடவில்லை. துளைக்குக் கீழே ஒரு சாண் தொங்கவிட்டு, வளைத்து, மேலேற்றி நுழைத்தார். மழைத்தண்ணீர் கேபிளோடு வழிந்து அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது. "டிவி கேபிளுக்கு நாங்க காலங்காலமா பண்றதுதான்" என்றார்.

பெட்டியில் ஐபி67 என்று இருந்தால் தூசி புகாது, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே போகாது என்று பொருள். இடி மின்னலுக்கு அந்த எண் பொறுப்பேற்காது. அதற்கு எர்த் தனியே வேண்டும். கம்பத்தின் உச்சியில் மாட்டி அடியில் நாற்காலி போட்டுக்கொள்வதும் வீண். குச்சி ஆண்டெனா பக்கவாட்டில்தான் நன்றாக வீசும், நேர் கீழே மங்கல். தீக்காய்வார் கதைதான்: ரொம்பக் கிட்டவும் கூடாது, ரொம்பத் தள்ளியும் கூடாது.

சட்டப் பக்கம் ஒரு வரி. வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றைக்கு இந்தியாவில் 2005இலேயே உரிமம் தேவையில்லை என்றாகிவிட்டது. 5 கிகாஹெர்ட்ஸைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தாராளமான அனுமதி 2018இல்தான் வந்தது. மாட்டிய பின் அமைப்புக்குள் போய் 'ஆக்சஸ் பாயிண்ட்' நிலையைத் தேர்ந்தெடுக்க மறக்கக் கூடாது. ரவுட்டர் நிலையிலேயே விட்டால் அது தனிக்குடித்தனம் நடத்த ஆரம்பித்து, மாடியில் இருக்கும் போனுக்குக் கீழே இருக்கும் பிரிண்டர் தெரியாது.

சொல்லுக்குத் திரும்புகிறேன். அணுகுமுனைக்கும் குறை உண்டு. 'அணுகுமுறை' என்ற பிரபலமான சொல்லுக்கு ஓரெழுத்துத் தூரத்தில் இருக்கிறது. போனில் அடித்தால் தானாகவே அணுகுமுறை ஆகிவிடுகிறது. "மாடியில் புதிய அணுகுமுறை பொருத்தியிருக்கிறேன்" என்று நண்பருக்குச் செய்தி போயிருக்கிறது. டெர்மினலுக்கு வைத்த 'முனையம்' என்ற சொல்லும் பக்கத்திலேயே நிற்கிறது. போன் அமைப்புகளில் ஏபிஎன் என்று ஒன்று வருமே, அதன் விரிவிலும் ஆக்சஸ் பாயிண்ட் உண்டு. ஆனால் அது சிம் நிறுவனத்தின் வலையமைப்பிலிருந்து இணையத்துக்குப் போகும் வாசல், மாடியில் மாட்டும் பெட்டி இல்லை. அங்கே முனை பொருந்தாது, வாயில் என்றால் சரி. வைஃபைக்கு 'அருகலை', ரவுட்டருக்கு 'திசைவி' என்று எழுதுபவர்கள் கூடவே அணுகுமுனையையும் எழுதலாம். 'திறந்தவெளி அணுகுமுனை' என்றால் வெளியில் மாட்டும் வகை.

பேச்சில் எது நிற்கும் என்று அண்ணன் கொடுத்த பில்லைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். லைட் பாயிண்ட், ஃபேன் பாயிண்ட் என்று பாயிண்டுக்கு இவ்வளவு கூலி என்று கணக்குப் போடுபவர் அவர். கம்பி வந்து முடிகிற இடத்துக்கு அவர் ஊரில் எப்போதும் அதுதான் பெயர். பில்லில் பைப், கிளிப், கேபிளுக்குக் கீழே எழுதியிருந்தார்: 'வெளி பாயிண்ட் – 1'.