முனைத்தோல்: ‘டிப்’ என்னும் சொல்லுக்குத் தமிழ்

காரைக்குடியில், மேசைமேல் கோலால் பந்தடித்து ஆடும் ‘பூல்’ ஆட்டத்துக்கு மேசை போட்டிருக்கும் கூடம் ஒன்றில், “அண்ணே, டிப்பு போயிருச்சு, வேற போட்டுக் குடுங்க” என்று ஓர் இளைஞர் கோலை நீட்ட, மகனுக்குத் துணையாக வந்து ஓரமாக அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், யாருக்கோ அன்பளிப்புக் கொடுக்கச் சொல்கிறார்கள் என்று எண்ணிச் சட்டைப்பையைத் தடவினார். பிழை அவருடையதன்று. உணவகத்தில் பரிமாறுபவருக்குத் தருவதும் ‘டிப்ஸ்’, மாத இதழ்களில் வரும் சமையற் குறிப்பும் ‘டிப்ஸ்’, பந்தை அடிக்கும் கோலின் முகத்தில் ஒட்டிய தோல்துண்டும் ‘டிப்’ என்று ஆகிவிட்டபோது, கேட்பவர் எதை எடுத்துக்கொள்வார்?

ஆங்கிலத்தில் கூர்ந்து முடியும் கடைப்பகுதியைக் குறிக்கும் ‘டிப்’, வட ஐரோப்பிய மொழிகளோடு உறவுடைய பழஞ்சொல். அன்பளிப்பைக் குறிக்கும் ‘டிப்’ ஒலியில் அதனோடு ஒத்தாலும் பொருளில் தொலைவாக நிற்பது. விளையாட்டில் அச்சொல் கோலின் முனையை மட்டுமன்றி, அம்முனையில் ஒட்டப்படும் தனிப்பொருளையும் குறிக்கத் தொடங்கியது. தமிழில் இடர்ப்பாடு தோன்றுவது இந்த இரண்டாம் பொருளில்தான்.

கோலைக் குறிக்கும் ‘கியூ’ என்ற சொல்லின் வரலாறு இதைவிடச் சுவையானது. தொடக்கத்தில் இவ்விளையாட்டை ஆடியவர்கள், முகப்பில் மரக்கட்டை பொருத்திய நீண்ட மட்டையால் பந்தைத் தள்ளினார்கள். பந்து மேசையின் விளிம்பை ஒட்டி நின்றுவிட்டால் அந்தப் பருத்த முகப்பு உதவாது. ஆகவே மட்டையைத் திருப்பி, அதன் வால்பக்கத்தால் அடித்தார்கள். பிரெஞ்சு மொழியில் வாலுக்குப் பெயர் ‘கியூ’. நாளடைவில் தலை ஒழிந்து வாலே கருவியாயிற்று. நியாயவிலைக் கடையில் நாம் நிற்கும் ‘கியூ’வும் இதே வால்தான். நமக்கு அந்த வால் தேவையில்லை; ஒன்றுக்கு வரிசை, மற்றொன்றுக்குக் கோல் என்று பிரித்துச் சொல்லத் தமிழில் வழியிருக்கிறது. ஆட்டத்தைக் ‘கோலாட்டம்’ என்று மட்டும் பெயர்த்துவிடக் கூடாது; அது கும்மியோடு சேர்ந்தது.

அந்த வால்முனை நெடுங்காலம் வெறும் மரமாகவே இருந்தது. மரம் வழுவழுப்பான பந்தின்மேல் பற்றாது. நடுவை விட்டுச் சற்று விலகி அடித்தாலும் வழுக்கிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சுவா மின்கோ என்ற பிரெஞ்சுப் படை அதிகாரி, சிறைப்பட்டிருந்த காலத்தில், கோலின் முனையில் தோல் பொருத்தும் முறையைச் செம்மைப்படுத்தினார் என்பது இவ்விளையாட்டின் வரலாற்றில் நிலைத்த செய்தி. பந்தோடு ஆயிரத்தில் ஓரிரு நொடிப் பங்கே உறவாடும் அந்தத் தோல், அதற்குள் பந்தைப் பற்றிச் சுழற்றிவிடுகிறது. பந்தைப் பின்னோக்கி வரவழைப்பதும் பக்கவாட்டில் வளைப்பதும் அதன் பிறகே ஆட்டத்தின் கலையாயின.

இனித் தமிழ்ச் சொல்லைப் பார்க்கலாம். முதலில், தோலுக்கு அடியில் கோலின் தலையைச் சுற்றி இருக்கும் வளையத்தைப் பேச வேண்டும். ஏனெனில் அதற்கான சொல் நம் வீட்டு உரலடியிலேயே கிடக்கிறது. ஆங்கிலத்தில் அதனைப் ‘ஃபெரூல்’ என்பார்கள். அச்சொல் சிறு கைவளையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் உலக்கையின் முனை பிளக்காமல் இடும் இரும்பு வளையம் பூண். பூணுதல் என்ற வினையிலிருந்து வந்த அச்சொல் அணிகலனையும் குறிக்கும். இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று அறியாமல், நகையிலிருந்தே இந்தப் பெயரை எடுத்திருக்கின்றன. யானைக் கொம்பில் இடும் பூணுக்குக் கிம்புரி என்று தனிப்பெயரே உண்டு; பழைய கோல்களிலோ யானைத் தந்தமே பூணாக இருந்தது. இன்று, பூலுக்கு உறவான மேசைப் பந்தாட்டமாகிய ஸ்னூக்கரின் கோலில் பித்தளையும், பூல் கோலில் பெரும்பாலும் பிசின் வகைகளும் அந்த இடத்தில் இருக்கின்றன. ‘பூண்’ என்பதைவிடப் பொருத்தமான சொல்லைத் தேட வேண்டியதில்லை.

தோலுக்குத்தான் தேட வேண்டும். ‘நுனி’ என்றால் பொருளின் ஓர் உறுப்பு; கொம்பின் நுனியைக் கழற்றி மாற்ற முடியாது. ‘முனை’யும் அத்தகையதே. மாட்டுக் கொம்பில் மாட்டும் பித்தளைக் குப்பியை நினைத்துக் ‘குப்பி’ எனலாமா என்றால், குப்பி உள்ளே குழிந்து கொம்பை மூடுவது. நம் தோலோ பூணின் தட்டையான தலைமேல் ஒட்டி நிற்பது. ஏரில் பொருத்தும் கொழுவும் மாடு ஓட்டும் தாற்றுக்கோலில் பொருத்தும் தாறும் கழற்றி மாற்றத்தக்கவையாயினும், கூர்மைக்காகப் பிறந்தவை. ‘நுனித்தோல்’ என்ற சேர்க்கை வேதாகமத் தமிழில் வேறோர் உறுப்புக்கு உரியதாகிவிட்டதால், அதைக் கூடத்தில் உரக்கச் சொல்ல முடியாது. ‘தோல்’, ‘முனை’ இரண்டையும் அவ்வரிசையிலேயே சேர்த்தால் புணர்ச்சியில் ‘தோன்முனை’ ஆகித் தோல் மறைந்துவிடும். ஆகவே, முனையில் இடும் தோல் என்ற பொருளில் ‘முனைத்தோல்’ என்பதே என் தேர்வு.

சொல் கிடைத்ததும் அதைச் சுற்றியுள்ள பேச்சும் தமிழில் நடக்கத்தான் செய்கிறது. முனைத்தோல் வாங்குவோர் முதலில் பூணின் குறுக்களவைப் பார்க்க வேண்டும்: பூல் கோலுக்கு ஏறத்தாழ 13 மி.மீ., ஸ்னூக்கர் கோலுக்கு 9 முதல் 10 மி.மீ. ஒரு மி.மீ. கூடுதலாக வாங்கிச் சீவிக்கொள்வதே வழக்கம். குறைவாக வாங்கினால் செய்வதற்கு ஒன்றுமில்லை. குரோமிய உப்பில் பதனிட்ட தோல் இயல்பாகவே நீலம் பாய்ந்து மெத்தென்றிருக்கும். நம் பக்கத்துப் பழைய முறைப்படி ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டதுபோல் தாவரச் சாற்றில் பதனிட்ட தோல் பழுப்பாக, இறுகலாக இருக்கும். மென்தோல் பந்தை நன்கு பற்றும், ஆனால் அடிபட்டு அடிபட்டுப் பூணுக்கு வெளியே பிதுங்கும். அதை ஆங்கிலத்தில் காளானோடு ஒப்பிடுவார்கள், நாம் ‘குடை விரிதல்’ எனலாம். வன்தோல் உருக்குலையாது, மினுமினுப்பேறி வழுக்கும். ஜப்பானியர் பன்றித் தோலைப் பல அடுக்காக ஒட்டிச் செய்யும் வகை விலை மிகுந்தது. கற்றுக்கொள்பவருக்கு நடுத்தரமான ஒற்றைத் தோலே போதும் என்பது என் கருத்து.

ஒட்டும் வேலைக்கு ஆசாரியின் சொற்களே போதும். பழைய தோலைச் சீவியெடுத்து, பூணின் தலையை மட்டம் பார்த்து, புதுத்தோலின் அடியை உப்புத்தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்கிப் பசையிட்டு, அழுத்தி, ஓர் இரவு விட வேண்டும். தோலையே காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசையால் ஆசாரிமார் மரத்தை ஒட்டுவார்கள். இங்கோ தோலை ஒட்டக் கடையில் விற்கும் விரைவுப் பசையே போதுமானதாகிவிட்டது. மறுநாள் தோல்பக்கம் கீழாக இருக்கக் கோலைப் பலகையில் ஊன்றி, மிகுந்த ஓரத்தைக் கத்தியால் சீவ வேண்டும். கடைசல் பட்டறை அருகில் இருந்தால் வேலை இன்னும் சீராக முடியும். பிறகு முகத்தைக் குமிழாக்க வேண்டும். அமெரிக்கர் அதன் வளைவை நிக்கல் அல்லது டைம் நாணயத்தின் விளிம்போடு ஒப்பிடுவார்கள். நிக்கலுக்கு நெருக்கமான வளைவு நம் 22 மி.மீ. ஒரு ரூபாய் நாணயத்தில் கிடைக்கும்.

முனைத்தோலின் முகத்தில் தடவும், ஆங்கிலத்தில் ‘சாக்’ எனப்படும் நீலக்கட்டியைச் ‘சுண்ணக்கட்டி’ என்று எழுதுவது தவறு. 1897-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற கலவையிலிருந்து அதில் இருப்பது சிலிக்காவும் உராய்வுத் துகளுமே. ‘பற்றுக்கட்டி’ என்றால் அதன் தொழிலையும் சொன்னதாகும். இனி அந்த இளைஞர், “அண்ணே, முனைத்தோல் குடை விரிஞ்சிருச்சு, மாத்தி ஒட்டிக் குடுங்க” என்று கேட்டால், ஓரத்தில் இருக்கும் பெரியவர் சட்டைப்பையைத் தடவமாட்டார்.