முதல் வரிக்கு முன்பே ரெப்போ

சில மாதங்களுக்கு முன் ஒரு சின்ன மென்பொருள் குழுவுக்கு உதவப் போயிருந்தேன். நான்கு பேர். ஒரு மொத்த வியாபாரக் கடைக்கான பில்லிங் மென்பொருள், மூன்று வருட உழைப்பு. சோர்ஸ் கோட் (மென்பொருளின் மூல நிரல்) எங்கே என்று கேட்டதும் ஒரு ஃபோல்டரைத் திறந்து காட்டினார்கள். பில்லிங், பில்லிங்_புதுசு, பில்லிங்_ஃபைனல், பில்லிங்_ஃபைனல்_2, பில்லிங்_ஜிஎஸ்டி_சரியானது என ஐந்து பிரதிகள். "கடையில இப்போ ஓடுறது இதுல எது?" என்றேன். நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

என்னை அழைத்த காரணமும் அந்தக் கேள்வியில்தான் இருந்தது. தள்ளுபடியைக் கழிக்காமல் முழு விலைக்கு வரி போட்ட பிழையை ஒருவர் புதன்கிழமை சரிசெய்து சர்வரில் ஏற்றியிருக்கிறார். மறுநாள் இன்னொருவர், பில் அச்சாகும் அமைப்பை மாற்றித் தன் கணினியில் இருந்த பழைய பிரதியை அதே இடத்தில் ஏற்றிவிட்டார். திருத்தம் காணாமல் போனது. பதினோரு நாள் கழித்துக் கடைக்காரரின் கணக்கர் கண்டுபிடிக்கும்வரை வாடிக்கையாளர்கள் கூடுதல் வரி கொடுத்திருக்கிறார்கள். இருவருமே திறமைசாலிகள், கவனமாக வேலை செய்பவர்கள். ஒருவர் செய்ததை மற்றவர் பார்க்க வழியில்லை, அவ்வளவுதான்.

கோப்புகளில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகச் சேமிக்கும் வெர்ஷன் கன்ட்ரோல் கருவி அந்த வழியைத் தருகிறது. அந்த வரலாற்றோடு கோப்புகள் இருக்கும் கிடங்குதான் ரெப்போ. நிரலின் எந்த வரியை யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்று பதிவாகிறது. பழைய பிரதியை வைத்துக்கொண்டு புதியதன் மேல் ஏற்றப் பார்த்தால், "உன்னிடம் இல்லாத மாற்றம் இங்கே இருக்கிறது, முதலில் அதை எடுத்துக்கொள்" என்று தடுக்கிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது? பெரும்பாலான குழுக்களுக்கு என் பதில் கிட் (Git). லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எழுதும் குழு பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற கருவியின் இலவச உரிமம் கைவிட்டுப் போனதால், 2005 ஏப்ரலில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது அது. குளோன் செய்யும் (ரெப்போவை முழுதாக நகலெடுக்கும்) ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் இருக்கும். நெட் இல்லாவிட்டாலும் கமிட் போடலாம், அதாவது மாற்றத்தை வரலாற்றில் பதியலாம். புதிதாக வேலைக்கு வருபவருக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். அதே மாதத்தில் பிறந்த மெர்க்குரியலும் நல்ல கருவிதான், பழகவும் எளிது. ஆனால் ரெப்போக்களை இணையத்தில் வைத்துக்கொள்ள உதவும் பிட்பக்கெட் தளம் 2020-இல் அதற்கான ஆதரவை நிறுத்திய பிறகு, புதிய புராஜெக்ட்டுக்கு அதைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

கிட் எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். வடிவமைப்புக் கோப்புகள், முப்பரிமாண மாடல்கள், வீடியோ என்று வரிவரியாகப் படிக்க முடியாத பெரிய பைனரி கோப்புகள்தான் உங்கள் வேலை என்றால் ரெப்போ சீக்கிரம் வீங்கிவிடும். கிட் ரெப்போக்களை இணையத்தில் வைத்துக்கொள்ளும் தளமான கிட்ஹப், 100 எம்பிக்கு மேலான கோப்பை ஏற்காது. பெரிய கோப்புகளைத் தனியே வைக்கும் எல்எஃப்எஸ் என்ற துணைக் கருவி தேவைப்படும். இருவர் ஒரே படக் கோப்பைத் திருத்தினால் இரு திருத்தங்களையும் மெர்ஜ் செய்யவும் (ஒன்றாக இணைக்கவும்) முடியாது. "நான் முடிக்கும்வரை யாரும் தொடாதீர்கள்" என்று பூட்டிவைக்கும் வசதி அங்கே அவசியம். அதனால்தான் பல கேம் தயாரிப்பு நிறுவனங்கள் பெர்ஃபோர்ஸ் என்ற கருவியைப் பயன்படுத்துகின்றன. ஒரே ரெப்போவில் ஃபோல்டர் வாரியாக அனுமதி பிரிக்க வேண்டுமென்றால் சப்வெர்ஷன் என்ற பழைய கருவி இன்றும் நன்றாகவே உழைக்கும்.

இன்னொன்று: கிட் வேறு, கிட்ஹப் வேறு. சோர்ஸ் கோடை வெளியே வைக்கக் கூடாது என்று வாடிக்கையாளர் சொன்னால், அலுவலகத்திலேயே ஒரு கணினியைக் கிட் சர்வராக்கிக்கொள்ளலாம்.

சரி, கிட் என்று முடிவாயிற்று. முதல் கமிட்டுக்கு முன்பே, எவற்றைச் சேர்க்கக் கூடாது என்று கிட்டுக்குச் சொல்லும் கிட்இக்னோர் கோப்பை எழுதிவிடுங்கள். பில்ட் ஆகி வரும் கோப்புகள், நோட் மாட்யூல்ஸ் (வெளியிலிருந்து இறக்கிய லைப்ரரிகளின் ஃபோல்டர்), கடவுச்சொற்கள் இருக்கும் என்வி கோப்பு எதுவும் உள்ளே போகக் கூடாது. விண்டோஸும் லினக்ஸும் கலந்த குழுவென்றால் ஒவ்வொரு வரியின் முடிவையும் எந்தக் குறியால் காட்டுவது என்பதைக் கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் தீர்மானித்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரே ஒரு வரியைத் திருத்தியவர் முழுக் கோப்பையும் மாற்றியதாகக் காட்டும். தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: மாறிய கோப்புகளைப் பட்டியலிடும் கிட் ஸ்டேட்டஸ் கட்டளையில் 'த' என்ற எழுத்து \340\256\244 என்று தெரிந்தால் பயப்பட வேண்டாம், கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. core.quotePath என்ற அமைப்பை ஃபால்ஸ் (false) ஆக்கினால் தமிழ் தமிழாகவே தெரியும்.

நான் அதிகம் கவலைப்படுவது ரகசியக் கீக்களைப் பற்றி, அதாவது நிரல்கள் ஒரு கணக்குக்குள் நுழையப் பயன்படுத்தும் கடவுச்சொல் போன்றவற்றைப் பற்றி. ஒருமுறை குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் கிளவுட் கணக்கின் கீயை கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் வைத்தபடியே புஷ் செய்துவிட்டார், அதாவது சர்வரில் உள்ள ரெப்போவுக்கு அனுப்பிவிட்டார். பத்து நிமிடத்தில் அவரே கவனித்து, அந்த வரியை அழித்து இன்னொரு கமிட்டும் போட்டிருந்தார்.

"அண்ணா, கீயை எடுத்துட்டேன். இனிமே ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஆகும் தம்பி. முந்தின கமிட்டைத் திறந்து பாருங்க."

திறந்தார். கீ முழுசாக அங்கேயே இருந்தது. அடுத்த கமிட்டில் அழிப்பதால் வரலாற்றில் இருப்பது அழியாது. முதல் வேலையாக அந்தக் கீயை ரத்து செய்து புதியது வாங்கினோம். அதற்குப் பிறகே ஃபில்டர்-ரெப்போ என்ற கருவியைக் கொண்டு வரலாற்றைச் சுத்தம் செய்தோம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பொது ரெப்போக்களில் கீக்களைத் தேடும் தானியங்கி நிரல்கள் எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. எங்களுடையது பிரைவேட் ரெப்போதானே என்றும் இருக்க வேண்டாம். 2016-இல் ஊபரின் பொறியாளர்கள் பயன்படுத்திய பிரைவேட் ரெப்போவுக்குள் நுழைந்தவர்கள், அங்கிருந்த அமேசான் கிளவுட் கீயைக் கொண்டு 5.7 கோடிப் பேரின் விவரங்களை எடுத்துப் போனார்கள். அந்தத் தம்பியை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அடுத்த முறை எங்களிடம் சொல்லத் தயங்கியிருப்பார்.

கமிட் செய்தியில் "அப்டேட்" என்று மட்டும் எழுதாதீர்கள். "தள்ளுபடி கழித்த தொகைக்கு வரி, முன்பு முழு விலைக்கு வந்தது" என்று தமிழிலேயே எழுதுங்கள், கிட் ஏற்றுக்கொள்ளும்.

கிட் இருக்கிறதே என்று பேக்கப்பை விட்டுவிடவும் கூடாது. 2017 ஜனவரி 31 அன்று, கிட்ஹப் போலவே ரெப்போக்களை வைத்துக்கொள்ள இடம் தரும் கிட்லேப் நிறுவனத்திலேயே தவறுதலாக டேட்டாபேஸ் அழிந்தது. பேக்கப் ஏற்பாடுகள் பல இருந்தும் நம்பியபடி கைகொடுக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. ரெப்போக்களுக்குச் சேதமில்லை, ஆனால் அந்த ஆறு மணி நேரத்தில் டேட்டாபேஸில் சேர்ந்த விவரங்கள் போயின.

அந்தப் பில்லிங் குழுவுக்கு வருகிறேன். ஐந்து ஃபோல்டர்களையும் தேதி வரிசையில் ஒவ்வொரு கமிட்டாக ஏற்றினோம். கடையில் ஓடும் பதிப்பைச் சர்வரிலிருந்தே இறக்கி, ஒப்பிட்டு, அதற்கு ஒரு டேக் (பெயர் அடையாளம்) போட்டோம். மெயின் பிராஞ்சில் (முதன்மைக் கிளையில்) நேராகப் புஷ் செய்ய முடியாதபடி பூட்டினோம். அப்புறம், இதுவரை அந்த மென்பொருளே இல்லாத ஒரு கணினியில் குளோன் செய்து பில்ட் செய்யச் சொன்னேன். ஓடவில்லை. பில் பிரின்டருக்கான ஒரு லைப்ரரி, மூத்தவருடைய கணினியில் மட்டுமே மூன்று வருடமாக இருந்திருக்கிறது. அன்று மாலையே அதை ரெப்போவில் சேர்த்து, எந்தப் பதிப்பு, எங்கிருந்து எடுத்தது என்று ரீட்மி என்ற குறிப்புக் கோப்பில் அவரே எழுதிவைத்தார். இரண்டாவது குளோன் ஓடியது.